எரிமலைப் பாறையில உயிர் – கடிதம்

அண்ணே வணக்கம். 350 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைப் பாறையில நுண்ணுயிர் தடம் இருக்குன்னு தென்னாப்பிரிக்கா வீடியோ ஒண்ணு பாத்தேன். கொதிக்கிற லாவால எப்படிண்ணே உயிர் இருக்கும்? நம்ம குன்றக்குடி மலையில தேடினா கிடைக்குமா? காலேஜ்ல ஜியாலஜி எடுக்கலாம்னு இருக்கேன்.
– ஒரு வாசகர், காரைக்குடி

தம்பி,

ஜியாலஜியே எடுங்க, ரொம்ப சந்தோஷம்.

கொதிக்கும்போது இல்ல, ஆறினப்புறம். கடலுக்கடியில லாவா வெளிய வந்ததும் தண்ணி பட்டு மேல்தோல் சட்டுனு கண்ணாடியா இறுகிடும், உருண்டை உருண்டையா ஒண்ணு மேல ஒண்ணு குவியும், தலையணை லாவான்னு பேரு. அந்தக் கண்ணாடி விரிசல்ல கடல் தண்ணி இறங்குறப்ப நுண்ணுயிரும் கூடவே போய் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கிட்டே உள்ள போகும். பலகையில கறையான் அரிச்சா, கறையான் போனப்புறமும் தடம் இருக்குல்ல, அது மாதிரி.

நீங்க பாத்தது தென்னாப்பிரிக்காவுல பார்பர்டன்ங்கிற இடத்துப் பாறையாத்தான் இருக்கும். அதுல இருக்கிறது நுண்ணுயிர் தடம்னு 2004ல ஹரால்ட் ஃபர்ன்ஸ்ங்கிற ஆய்வாளரோட குழு எழுதினது. 1லேருந்து 9 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அகலம், 200 மைக்ரான் வரைக்கும் நீளம், குழாய் குழாயா இருக்கு, உள்ள டைட்டனைட்ங்கிற கனிமம் அடைச்சிருக்கு, ஓரத்துல கார்பன். ஆனா 2014ல கிராஷும் மெக்லாஃப்லினும் அதே பாறையைத் திரும்ப ஆராய்ஞ்சு, இந்த டைட்டனைட் லாவா இறுகி ரொம்ப காலம் கழிச்சு, பாறை மறுபடி சூடானப்ப வளந்தது, இதுக்கு உயிரே தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. நான் இவங்க பக்கம்தான். வெறும் வடிவத்த மட்டும் வச்சு உயிர்னு சொல்லிடக் கூடாது தம்பி, வீடியோக்காரங்க இந்த ரெண்டாவது பாதிய சொல்லாம விடுறது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு.

இதவிட ஆஸ்திரேலியா பில்பாரா ஆதாரம் கெட்டியானது. அங்கயும் எரிமலை அடுக்குங்களுக்கு நடுவுலதான், 348 கோடி வருஷத்து ஸ்ட்ரொமட்டோலைட், நுண்ணுயிர் படலம் படலமா கட்டுனது. துளை போட்டு ஆழத்துலேருந்து எடுத்த, வெயில் மழை படாத கல்லுல கரிமப் பொருளே இருக்குன்னு 2019ல காட்டிட்டாங்க.

குன்றக்குடியில கிடைக்காது. நம்ம பக்கத்துக் கருங்கல்லு பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல, கடும் சூட்டுல உருவானது, அங்க எந்த உயிரும் தாங்காது. தலையணை லாவாவ கண்ணால பாக்கணும்னா கர்நாடகா சித்ரதுர்கா பக்கம் மரடிஹள்ளி போங்க, தேசிய புவியியல் சின்னமா காப்பாத்துறாங்க, அதனால சுத்தியல எடுத்துட்டுப் போகாதீங்க, லென்ஸ் போதும். உருண்டைக்கு உருண்டை ஓரம் எப்படி இருக்கு, நடு எப்படி இருக்குன்னு பொறுமையா பாருங்க. மைக்ரான் அளவுத் தடமெல்லாம் லென்ஸுல தெரியாது, கல்லை மெல்லிசா தேச்சு மைக்ராஸ்கோப்ல வைக்கணும், அத காலேஜ்ல சேந்ததுமே கேட்டுக் கத்துக்கங்க.