யாழ்ப்பாணத்துக்கு பிளேன்ல சைக்கிள்: ஏஜென்ட்டுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி

கேள்வி: நானும் என் தம்பியும் தை மாசம் யாழ்ப்பாணம் போய், அங்கருந்து அனுராதபுரம் வரைக்கும் பத்து நாள் சைக்கிள்ல சுத்திட்டு திரும்பலாம்னு இருக்கோம். சென்னைலருந்து பிளேன். இங்க ஒரு கார்கோ ஏஜென்ட்டை கேட்டா, சைக்கிளை லக்கேஜா ஏத்தவே மாட்டாங்க, கார்கோல தான் அனுப்பணும்னு சொல்றார். உண்மையா? உடையாம எப்படி பேக் பண்றது? (ஒரு வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: ஏஜென்ட் சொன்னது பொய்ம்மா. சைக்கிளை ஸ்போர்ட்ஸ் சாமான்னு சொல்லி செக்-இன் லக்கேஜ்லயே ஏத்தறாங்க, உலகம் பூரா இதான் வழக்கம். சில ஏர்லைன்ஸ் உங்க டிக்கெட்ல இருக்கற கிலோ கணக்குக்குள்ளயே விட்டுடும், சிலது தனியா ஒரு சார்ஜ் போடும், அவ்ளோ தான் வித்தியாசம். ஒரு பெட்டி 32 கிலோ தாண்டக் கூடாது. உங்க சைக்கிள் பதினாலு பதினஞ்சு கிலோ, அட்டைப்பெட்டி ஒரு மூணு நாலு கிலோ, அதனால கவலையே இல்ல.

அவர் ஏன் கார்கோ கார்கோன்னு சொல்றார்னு சொல்றேன், கேளுங்க. கார்கோலயும் கூரியர்லயும் தராசுல வர்ற எடை, பெட்டி அடைக்கற இடத்தை வெச்சி போடற எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்கு தான் பில். சைக்கிள் பெட்டி சுமாரா 140 செ.மீ. நீளம், 80 உயரம், 25 அகலம். மூணையும் பெருக்கி 5000-ஆல வகுத்தா 56 கிலோ வருது. சில பேர் 6000-ஆல வகுப்பாங்க, அப்பவும் 46 கிலோவுக்கு மேல. 18 கிலோ பெட்டிக்கு 56 கிலோ காசு! போன்ல கேக்கும்போது “கிலோவுக்கு இவ்ளோ தாங்க”ன்னு இனிக்க இனிக்க சொல்லிட்டு, பெட்டியை ஒப்படைச்ச பிறகு தான் வால்யூமெட்ரிக், அதாவது இடத்துக்கு கணக்குன்னு ஆரம்பிப்பாங்க. அதோட முடியாது, தனியா போற சாமானுக்கு அந்த ஊர் கஸ்டம்ஸ்ல தனி கிளியரன்ஸ், அங்க ஒரு ஏஜென்ட், நாள் தள்ளிப் போனா குடோன் வாடகை. நான் இருவது வருஷமா வேலூர்ல சைக்கிள் வேலை தான் பாக்கறேன், என்கிட்ட வர்ற ஒரு பையன் இப்படி அனுப்பிட்டு, லீவு முடிஞ்சு ஊருக்கு வந்த பிறகு தான் பெட்டி வெளில வந்துச்சு. ஒரு நாள் கூட ஓட்டல அவன். அந்த ஏஜென்ட் இன்னிக்கும் கடை வெச்சிகினு தான் இருக்கார்.

ஆனா உங்க விஷயத்துல ஒரு சிக்கல் நிஜமாவே இருக்கு, இத நல்லா கவனிங்க. சென்னை - பலாலி (யாழ்ப்பாணம் ஏர்போர்ட் அங்க தான்) ரூட்ல ஓட்டறது ஏடிஆர் 72ங்கற சின்ன ப்ரொபெல்லர் பிளேன், எழுவது சொச்சம் சீட்டு தான். லக்கேஜ் வைக்கற இடமும் அதுக்கு தக்கன தான். அன்னிக்கு ஃபுல்லா ஆள் இருந்து எல்லாரும் மூட்டை முடிச்சோட வந்தா, முதல்ல கீழ நிக்கறது உங்க பெரிய பெட்டி தான், அதுவும் நீங்க ரெண்டு பெட்டி கொண்டு போறீங்க. அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஏர்லைன்ஸ்க்கு மெயில் போடுங்க, ரெண்டு பெட்டியோட நீளம் அகலம் உயரம் எடை எல்லாம் எழுதி, இந்த தேதி இந்த ஃப்ளைட்ல ஏத்துவீங்களான்னு கேளுங்க. போன்ல “ஏத்துவோம் மேடம்”னு சொல்றது செல்லாது. கால் சென்டர்ல ஒருத்தர் ஒண்ணு சொல்வார், கவுன்ட்டர்ல இருக்கறவர் இன்னொண்ணு சொல்வார், அவங்க வெப்சைட்ல இருக்கற ரூலே அவங்களுக்கு தெரியாது, நாம தான் பிரின்ட் எடுத்து காட்டணும், இது இன்னா சிஸ்டமோ. எழுத்துல பதில் வரலன்னா கொழும்புக்கு பெரிய பிளேன்ல போங்க, அங்கருந்து வடக்க யாழ்ப்பாணத்துக்கு ரயில் இருக்கு. பெரிய பிளேன்னா ஏடிஆர் கவலை வேணாம், ஆனா மெயில் அதுக்கும் போட்டு வெச்சிக்கோங்க.

பேக்கிங் பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. காசு குடுத்து பெட்டி வாங்காதீங்க. புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியை கடைக்காரங்க பழைய பேப்பருக்கு தான் போடுவாங்க, ஒரு வாரம் முன்னாடியே சொல்லி வெச்சா சும்மாவே தருவாங்க. கூடவே முன் ஃபோர்க் (முன் வீலை பிடிக்கற ரெண்டு கால்) நடுவுல மாட்டி வர்ற பிளாஸ்டிக் கட்டையையும் கேட்டு வாங்குங்க, முன் வீலை கழட்டின பிறகு அது இல்லன்னா மேல ஒரு பெட்டி விழுந்தா ஃபோர்க் நசுங்கும். ரெண்டு பெடலையும் கழட்டணும், இடது பெடல் மட்டும் தலைகீழ் மரை, கடிகாரம் சுத்தற பக்கம் திருப்பினா தான் கழலும், இது தெரியாம பலம் போட்டு மரையை கெடுத்துட்டு என்கிட்ட வர்றவங்க ஏராளம். ஹேண்டிலை கழட்டி ஃபிரேமோட சேத்து கட்டுங்க, சீட்டை இறக்கிடுங்க. டிஸ்க் பிரேக்னா வீலை கழட்டின இடத்துல பேட் நடுவுல அட்டையை மடிச்சி சொருகுங்க, தெரியாம லீவரை அழுத்திட்டா பேட் ஒட்டிக்கும்.

உடையறது முக்கால்வாசி பின் கியர் தான். அது மாட்டி இருக்கற ஹேங்கர் வளையறதுக்குன்னே செஞ்ச மெலிசான துண்டு, பக்கத்துல இடிச்சா போச்சு. கியரை ஹேங்கர்லருந்து கழட்டி, துணில சுத்தி, ஃபிரேமுக்கு உள்பக்கமா பிளாஸ்டிக் டை போட்டு கட்டிடுங்க. உங்க மாடலுக்கு சரியான ஸ்பேர் ஹேங்கர் ஒண்ணு பையில இருக்கட்டும், யாழ்ப்பாணத்துல தேடிகினு அலைய முடியாது.

டயர்ல காத்தை பாதி இறக்குங்க. லக்கேஜ் அறையிலயும் காத்தழுத்தம் இருக்கறதால டயர் வெடிக்காது, ஆனா கவுன்ட்டர்ல இத வாதாடி ஜெயிக்க முடியாது. பவர் பேங்க், சார்ஜ் பண்ற லைட் எல்லாம் கைப்பைல, ஸ்பேனர் ஆலன் கீ எல்லாம் பெட்டில. ஸ்பிரே டப்பா எதுவும் வேணாம்.

வேலூர்லருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் 130 கிலோமீட்டர் சொச்சம். நம்ம வேலூர் பக்கத்துல அப்துல்லாபுரத்துல ஏர்போர்ட் வரும் வரும்னு எத்தனை வருஷம் சொல்லிக் கேட்டோம்! பின் சீட்டு மடங்கற பெரிய வண்டியா பாத்து பேசுங்க, புக் பண்ணும்போதே பெட்டி அளவை சொல்லிடுங்க, இல்லன்னா வாசல்ல நின்னுகினு “மேல கட்டிக்கலாம், எக்ஸ்ட்ரா ஆவும்”பாங்க. வாலாஜா டோல்ல நிக்கற நேரத்தையும் சேத்து கணக்கு போட்டு ஃப்ளைட்டுக்கு நாலு மணி நேரம் முன்னாடி போய் சேருங்க, பெரிய பெட்டிக்கு தனி ஸ்கேன், திறந்து காட்டவும் சொல்லுவாங்க. அதனால டேப்பை சுத்து சுத்துன்னு சுத்தாதீங்க, ஒரு ரோல் கைல இருக்கட்டும். ஏர்போர்ட்ல காசுக்கு பிளாஸ்டிக் சுத்தறாங்களே, அது இதுக்கு பிரயோஜனமே இல்ல, இடியை தாங்காது. கிளம்பறப்பவே கஸ்டம்ஸ் கவுன்ட்டர்ல சைக்கிள் பில்லை காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிடுங்க, திரும்பி வரும்போது எங்க வாங்கினதுன்னு கேக்க மாட்டாங்க.

இறங்கினதும் வெளில வர்றதுக்கு முன்னாடியே பெட்டியை பாருங்க. கிழிஞ்சிருந்தா அங்கயே ஏர்லைன்ஸ் கவுன்ட்டர்ல ரிப்போர்ட் எழுதி காப்பி வாங்குங்க, எழுத்துல புகார் குடுக்க ஏழு நாள் தான் டைம். அப்புறம் அந்த அட்டைப்பெட்டியை தூக்கிப் போட்டுடாதீங்க, முதல் ராத்திரி தங்கற லாட்ஜ்லயே மடிச்சி வெச்சிட்டு போங்க, திரும்பி வர்றதுக்கும் அதான் பெட்டி.