இரண்டு தளம் கூட்டும் முன்: மருத்துவமனை விரிவாக்கமும் தீப் பாதுகாப்பும்

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை, தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக 14.4 மீட்டர் உயரம் கொண்டது. தென்காசி, வள்ளியூர் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவதால் மேலும் இரண்டு தளங்கள் கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவை உச்சித் தளத்துக்கு மாற்ற எண்ணுகிறோம். பழைய கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று உள்ளது. புதிய தளங்களுக்கு மட்டும் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016), 15 மீட்டரையோ அதற்கு மேலோ எட்டும் கட்டடங்களை உயரடுக்குக் கட்டடங்களாகக் கொள்கிறது. புதிய தளங்களோடு உங்கள் உயரம் ஏறக்குறைய 21.6 மீட்டராகும் என்பதால், கீழ்த்தளங்களின் படிக்கட்டு, நீர்த்தொட்டி, பம்பு, எச்சரிக்கை மணி ஆகிய அனைத்தையும் மறுபடி கணக்கிட்டாக வேண்டும். வரைபடம் இறுதியாகும் முன்பே தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலரிடம் அதைக் காட்டிவிடுங்கள். கான்கிரீட் போட்டபின் படிக்கட்டை அகலப்படுத்த முடியாது. வாசலில் அறக்கட்டளையின் பெயர் பொறித்த வளைவு இருந்தால், தீயணைப்பு வண்டி அதன்கீழ் நுழையுமா என்பதையும் அளந்து பாருங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவை உச்சியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வென்டிலேட்டரில் இருப்பவரைப் படிக்கட்டு வழியே ஐந்து மாடி இறக்குவது நடக்கிற காரியம் அல்ல. ஒவ்வொரு தளத்தையும் தீத்தடுப்புச் சுவராலும் தானே மூடிக்கொள்ளும் கதவுகளாலும் இரண்டு பகுதிகளாகவாவது பிரித்து, ஒரு பகுதியில் தீப்பிடித்தால் நோயாளியைக் கட்டிலோடு அதே தளத்தின் மறு பகுதிக்குத் தள்ளிச் செல்ல வழி வைப்பதே மருத்துவமனைக்குப் பொருந்தும் முறை. கட்டில்கள் செல்லும் நடைவழி 2.4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அங்கே பீரோவும் பழைய ஸ்ட்ரெச்சரும் நின்றால் அந்த அகலம் தாளில் மட்டுமே இருக்கும்.

நெருப்பைவிடப் புகையே அதிகம் கொல்கிறது. கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல்தளங்களில் புகையால் மூச்சுத் திணறியவர்கள். ஆகவே மின்கம்பிகள் மேலேறும் குழிகளைத் தளந்தோறும் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பதும், குளிர்சாதனக் குழாய்களில் புகையைத் தடுக்கும் மடல்கள் பொருத்துவதும் தவிர்க்க முடியாதவை. ஒப்பந்தக்காரர்கள் முதலில் கைவைக்கும் செலவும் இதுதான். ஆக்சிஜன் குழாயின் அடைப்பு வால்வு ஒவ்வொரு பிரிவுக்கும் வெளியே, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை யார் சொல்லி யார் மூடுவது என்பது இரவுப் பணிச் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே நோயாளிகள் இருக்க மேலே வேலை நடக்கும் மாதங்களே மிக ஆபத்தானவை. வெல்டிங் வேலைக்கு அன்றன்று எழுத்துமூல அனுமதியும், தீயணைப்பானோடு ஓர் ஆளும், வேலை முடிந்தபின் சிறிது நேரக் கண்காணிப்பும் கட்டாயம். சிமெண்ட் மூட்டைகள் படிக்கட்டில் ஏறக் கூடாது.

படிக்கட்டில் பாய் விரித்துப் படுக்கும் உறவினர்களை விரட்டுவதால் மட்டும் வழி காலியாகாது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தவர் இரவில் வேறெங்கே போவார்? அவர்களுக்கான தங்கும் கூடத்தையும் இதே வரைபடத்தில் தரைத்தளத்தில் சேர்த்துவிடுங்கள்.