அதிரசம்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: எண்ணெயில் போட்டதும் அதிரசம் பிரிந்துபோகிறது. ஏன்?

பெரும்பாலும் பாகு இளசாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் மாவு காய்ந்திருக்கும். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்புங்கள். தொட்டால் விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது, ஆனால் அரிசிக்குள் ஈரம் இருக்கணும். அந்த நிலையில் அரைத்துச் சலித்த மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும், உதிர்த்தால் உதிரும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வரணும். தட்டில் போட்டு ‘டங்’கென்று சத்தம் கேட்டால் பதம் தாண்டிவிட்டது, அதிரசம் கடிக்க முடியாது. அடுப்பை விட்டு இறக்கி, ஏலக்காய், சுக்கு போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். தளர்வாக இருக்கும்போதே நிறுத்துங்கள், ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி ஒரு நாளாவது மூடி வையுங்கள். பாக்கெட் அரிசி மாவு மட்டும் வேண்டாம்.

கே: பாக்கெட் மாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டால்?

வேண்டாம்.

கே: கேதார கௌரி நோன்புக்கு ஏன் 21 அதிரசம்?

அந்த விரதத்தின் கணக்கே 21தான். முறைப்படி 21 நாள் இருந்து ஐப்பசி அமாவாசையன்று முடிப்பார்கள். நோன்புக் கயிற்றில் 21 இழை, 21 முடிச்சு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதிரசம் எல்லாமே அதே எண்ணிக்கையில் படைப்பார்கள். இப்போது பலர் கடைசி நாள் மட்டும் இருக்கிறார்கள். அப்போதும் அதிரசத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை.

கே: இது மராட்டியர் தஞ்சைக்குக் கொண்டுவந்த அனரசாதானே?

இல்லை. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்பே, விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் பெருமாளுக்குப் படைக்கும் ‘அதிரசப்படி’ வந்துவிடுகிறது.

கே: (அதே நண்பர்) திருமலை ஆந்திராவில் இருக்கிறதே? அப்படியானால் தெலுங்கர்களின் அரிசெலுதான் மூலமா?

திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில்தான் இருக்கின்றன. அதை வைத்து ‘தமிழரே கண்டுபிடித்தோம்’ என்றும் நான் சொல்ல மாட்டேன். கன்னடத்தில் கஜ்ஜாய, ஒடிசாவில் ஆரிசா பிட்டா, மராட்டியத்தில் அனரசா என்று அரிசியும் வெல்லமும் சேர்ந்த இடமெல்லாம் இந்தப் பண்டம் இருக்கிறது. கைப்பக்குவம்தான் வேறு. அனரசாவை ஒரு பக்கம் கசகசாவில் ஒற்றி, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டுத் திருப்பாமலே பொரிப்பார்கள். நாம் இருபுறமும் சிவக்கவிட்டு, இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்திப் பிழிகிறோம். இந்த வேறுபாடுகளைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசுகிறேன். யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை இதோடு விட்டுவிடுவோம்.

கே: வெள்ளைச் சர்க்கரையில் செய்யலாமா?

செய்கிறார்கள். வெல்லத்தின் மணமும் நிறமும் வராது, எனக்குப் பிடிக்காது.

கே: வெளியே சிவந்துவிடுகிறது, உள்ளே வேகவில்லை.

தீ அதிகம். மிதமான சூட்டில் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கே: மிக்ஸியில் அரைத்து வெயிலில் காயவைத்த மாவு இருக்கிறது, அது?

ஈர மாவு என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். அந்த மாவை முறுக்குக்கு வைத்துக்கொண்டு, அதிரசத்துக்குப் புதிதாக அரிசி ஊறப்போடுங்கள்.