நூற்றிருபது கோப்ளின்கள், ஐந்து பேர், ஒரு பிற்பகல்

கேள்வி: செங்காங்கில் எங்கள் வீட்டு மேசையில் மாதம் இருமுறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் பாத்திர விளையாட்டை ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். ஆடுபவர்கள் ஐவர், அவர்களுடைய பாத்திரங்கள் எல்லாம் ஐந்தாம் நிலையில் இருக்கின்றன. அடுத்த அமர்வில், இருநூறு பேர் வாழும் பெரிய கிராமம் ஒன்றை கோப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்கள் 120 பேர் முற்றுகையிடுவதாகக் கதை அமைந்துவிட்டது. ஊரில் காவலர் இருபது பேர், உடல் வலுவுள்ள மற்றவர்கள் அறுபது பேர். முப்பது கோப்ளின்களை வைத்து ஒத்திகை பார்த்தபோது, எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வரும் ஒரு சுற்று முடியவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எங்களில் ஒருவர் ரிசர்விஸ்ட் பயிற்சிக்குச் செல்வதால் போரை ஒரே பிற்பகலில், நான்கு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். எப்படி நடத்துவது?

பதில்: முடிக்கலாம், ஆனால் 120 கோப்ளின்களுக்கும் தனித்தனியே பகடை உருட்டி முடிக்க முடியாது, முடிக்க முயலவும் வேண்டாம். 1971-இல் வெளிவந்த செயின்மெயில் என்ற போர்விளையாட்டு விதிநூலிலிருந்துதான் இந்த ஆட்டம் முளைத்தது. அதன் பெரும்போர் விதிகளில் மேசைமீது நிற்கும் ஒரு பொம்மை இருபது வீரர்களைக் குறித்தது. 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது ஒரு பொம்மை ஓர் ஆள் என்றாயிற்று; இன்று ஒரு சுற்று என்பது கதைக்குள் ஆறு விநாடி. தனி ஆளின் ஆறு விநாடிக்காக வடிக்கப்பட்ட விதியின்மீது ஒரு படையையே ஏற்றினால் ஆட்டம் நின்றுபோவது இயல்பு. எனவே நீங்கள் நடத்த வேண்டியது போரை அன்று. உங்கள் ஐவரும் எந்தப் போர்முனையில் நிற்கிறார்கள், எந்த முனையைக் கைவிடுகிறார்கள் என்ற தேர்வையும், அந்தத் தேர்வின் விளைவையும் மட்டுமே.

முதலில் கணக்கு. இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 நூல்களில் உள்ள எண்களைப் பயன்படுத்துகிறேன். 2024 திருத்தத்தில் சில மாறியிருப்பதால் உங்கள் கையில் உள்ள நூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்தை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர் நூலில், கூட்டமாகத் தாக்குபவர்களுக்குப் பகடையே உருட்டாமல் விளைவை அறியும் அட்டவணை ஒன்று இருக்கிறது. எதிரியின் கவச எண்ணிலிருந்து (அடி விழ எட்ட வேண்டிய எண்) தாக்குபவர் பகடையோடு சேர்க்கும் கூட்டல் எண்ணைக் கழித்தால், அடி விழுவதற்கு இருபது பக்கப் பகடையில் வர வேண்டிய எண் கிடைக்கும். அந்த எண் 5 வரை இருந்தால் ஒவ்வொருவர் அடியும் விழும். 6 முதல் 12 வரை என்றால் இருவருக்கு ஓர் அடி. 13, 14 என்றால் மூவருக்கு ஒன்று. 15, 16 என்றால் நால்வருக்கு ஒன்று. 17, 18 என்றால் ஐவருக்கு ஒன்று. அதற்கு மேல் 19-க்குப் பத்துப் பேரும் 20-க்கு இருபது பேரும் தேவை. சேதத்துக்கும் சராசரி எண்ணையே வைத்துக்கொண்டால், ஒரு கூட்டத்தின் முறை சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இந்த அட்டவணையை உங்கள் கிராமத்தில் பொருத்திப் பாருங்கள். சாதாரணக் கிராமவாசியின் கவச எண் 10, உயிர்ப்புள்ளி (விழும் முன் தாங்கும் சேதம்) 4, தாக்குதலில் கூட்டல் 2, தடியடியின் சராசரிச் சேதமும் 2. கோப்ளினுக்குக் கவசம் 15, உயிர்ப்புள்ளி 7, கூட்டல் 4, சேதம் 5. பன்னிரண்டு கிராமவாசிகள் ஒன்றுகூடி அடித்தால் ஒரு சுற்றில் ஒரே ஒரு கோப்ளின் விழும். பத்துக் கோப்ளின்களோ அதே சுற்றில் ஐந்து கிராமவாசிகளைக் கொன்றுவிடும். ஐம்பது கோப்ளின்கள் நிற்கும் வாசலில் அந்த அறுபது பேரையும் நிறுத்தினால் மூன்றே சுற்றில், கதைக்குள் பதினெட்டு விநாடியில், ஒருவரும் எஞ்ச மாட்டார்கள். இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நடத்துபவரின் கடமை என்று நினைக்கிறேன். ஆர்வக்கோளாறில் ஊர்மக்களுக்கு வேல் கொடுத்து வரிசையில் நிறுத்தும் உங்கள் ஐந்து வீரர்களை, ஊரின் மூத்த காவலர் ஒருவர் வாயிலாகவாவது எச்சரித்துவிடுங்கள். தீயணைப்பது, கல் சுமப்பது, உடைந்த வேலியை அடைப்பது, குழந்தைகளை ஊர் நடுவே கொண்டு சேர்ப்பது ஆகியவையே அவர்களுக்கான வேலை.

காவலர் இருபது பேரின் நிலை வேறு. அவர்களுடைய கவசம் 16, உயிர்ப்புள்ளி 11. வெட்டவெளியில் நின்றால் கோப்ளின் அம்புகளில் இரண்டுக்கு ஒன்று அவர்கள்மேல் பாயும். மார்பளவு மறைப்பு இருந்தால் கவசத்தோடு 2 கூடி, மூன்றுக்கு ஒன்று என்றாகும். அம்புத் துளைக்குப் பின்னால் நிற்பவருக்கு 5 கூடும். அப்போது ஐந்துக்கு ஒன்றுதான் பாயும். அதே துளைக்குப் பின்னால் ஒரு கிராமவாசியை நிறுத்தினால், அட்டவணையின்படி அவருக்கு எந்தப் பயனும் இல்லை. இருவருக்கு ஓர் அடி என்ற அதே படியில்தான் இருப்பார். அட்டவணை சற்றுக் கரடுமுரடானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பலகையும் மணல் மூட்டையும் குறைவாக இருக்கும் ஊரில் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி உங்கள் வீரர்களுக்கு நல்ல தலைவலியைத் தரும்.

ஊரின் வரைபடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: ஊரைச் சுற்றி வட்டமாக ஒரு வேலியை வரைந்துவிட்டு அதன் நீளத்தை அளப்பதே இல்லை. நம் கண்முன்னே ஒரு மாதிரி இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் 1822-இல் பார்த்து எழுதிய பழைய சிங்கப்பூரின் மண்மதில், அடியில் ஏறத்தாழ 16 அடி அகலமும் எட்டு ஒன்பது அடி உயரமும் கொண்டிருந்தது. கடற்கரையிலிருந்து இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரம் வரை ஏறக்குறைய ஒரு மைல் ஓடிய அதன் அருகிலேயே சிறிய ஓடை ஒன்றும் இருந்தது. மற்றப் பக்கங்களைக் கடலும் ஆற்று நீரும் பார்த்துக்கொண்டன. உங்கள் இருபது காவலரை ஒரு மைல் மதிலில் நிறுத்தினால் எண்பது மீட்டருக்கு ஒருவர்தான் நிற்பார். அது காவலே ஆகாது. ஆகவே அமைப்பை எடுத்துக்கொண்டு அளவைச் சுருக்குங்கள். ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் ஓடை, மிச்சமிருக்கும் பக்கத்தில் 400 மீட்டர் மதில், அதில் ஒரே ஒரு வாசல். அந்த 400 மீட்டரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றுக்கு 60 அடி வீதம் முழுவேகத்தில் ஓடினாலும் இருபத்திரண்டு சுற்றுகள் ஆகும். எங்கே நிற்பது என்பதைச் சண்டை மூளும் முன்பே முடிவுசெய்தாக வேண்டிய கட்டாயம் இந்தத் தூரத்தால் தானாகவே உண்டாகிவிடும்.

எதிரி என்ன செய்வான்? திருக்குறளின் அரண் அதிகாரத்தில் ஒரு குறள், கோட்டையைப் பிடிக்கும் வழிகளை மூன்றாகச் சொல்கிறது: சுற்றி வளைத்தல், வளைக்காமல் நேரே தாக்குதல், உள்ளே இருப்பவர்களைத் தன்வசமாக்கிக் கீழறுத்தல். இந்த மூன்றையும் உங்கள் கோப்ளின் தலைவனுக்குக் கொடுங்கள். முதலிரண்டை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். மூன்றாவதுதான் அமர்வை நினைவில் நிறுத்தும். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதையில் சிங்கப்பூர் வீழ்வதும் அப்படித்தான்: தன் மகளை அரசன் பலர் முன்னிலையில் தண்டித்ததால் மனம் கொதித்த சாங் ரஜுனா தாப்பா என்ற அதிகாரி, களஞ்சியத்தில் அரிசி இல்லை என்று பொய் சொல்லி, ஜாவாவின் மஜபாஹித் பேரரசின் படைக்குக் கோட்டை வாசலையும் திறந்துவிடுகிறார். உங்கள் ஊரிலும் நியாயமான மனக்குறையோடு ஒருவர் இருக்கட்டும். ஏற்பாடுகளின்போது வீரர்கள் அவரோடு பேச ஒரு வாய்ப்பும், நெல் இருப்பு கணக்கோடு ஒத்துவரவில்லை என்ற ஒரு தடயமும் கட்டாயம் இருக்க வேண்டும். முன்னறிவிப்பே இல்லாத துரோகம் ஆடுபவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் படும்.

இனி நடத்தும் முறை. பத்துக் கோப்ளின்களுக்கு ஒரு வில்லை என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வில்லைகள் போதும். பத்துக் காசு நாணயங்களே அதற்குத் தாராளம். வாசலுக்கு ஐந்து, மதிலின் மேற்கு மூலைக்கு மூன்று, ஓடைக்கரைக்கு இரண்டு, தலைவனிடம் கையிருப்பாக இரண்டு. ஒவ்வொரு முனைக்கும் உறுதி, தளர்ச்சி, உடைவு என மூன்று படிகள். கதைக்குள் ஏறத்தாழ பத்து நிமிடம் கொண்ட ஒரு பெருஞ்சுற்றில், ஐவரும் எந்த முனைகளுக்குப் போகிறார்கள் என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். பெருஞ்சுற்றின் நடுவே இடம் மாற முடியாது. அவர்கள் இருக்கும் முனையில் மட்டும் வழக்கமான சண்டையை நான்கைந்து சுற்றுகள் ஆடுங்கள். அங்கேயும் கோப்ளின்கள் அனைத்தையும் இறக்காமல், வீரர்களின் கைக்கெட்டும் பத்துப் பன்னிரண்டை மட்டும் வரைபடத்தில் வையுங்கள். ஆளில்லாத முனைக்கு இருபது பக்கப் பகடையை ஒரே ஒருமுறை உருட்டுங்கள்: 11 அல்லது அதற்கு மேல் வந்தால் முனை தாங்கும், குறைந்தால் ஒரு படி இறங்கும். காவலர் நல்ல மறைப்போடு நின்றால் 5 கூட்டுங்கள். வீரர்கள் முன்பே செய்துவைத்த அகழி, பொறி போன்ற ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டுங்கள். இது நூலில் உள்ள விதியன்று, நான் மேசையில் கையாளும் வழி. அந்தப் பகடையை நீங்கள் உருட்டாமல், அந்த முனையைப் பலப்படுத்திய வீரரிடமே கொடுங்கள். தான் கட்டிய வேலிக்காக ஒருவர் பகடையை உருட்டும்போது மேசையில் யாரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள்.

ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விஸர்ட் என்ற மந்திரவாதிப் பாத்திரம் ஐந்தாம் நிலையில் இருந்தால், அவரால் அதை இருமுறை வீச முடியும். சுற்றிலும் 20 அடி பரவி, சராசரியாக 28 சேதம் தரும் அந்த நெருப்பில், சேவ் என்ற தப்பிக்கும் பகடையில் வெற்றி பெற்று பாதிச் சேதம் வாங்கும் கோப்ளினும் அநேகமாகப் பிழைக்காது. இதைத் தடுக்க வழி தேடாதீர்கள். முதல் வீச்சு பெரிய வெற்றியாகவே அமையட்டும், ஒரு வில்லையை அப்படியே எடுத்துவிடுங்கள். அதன் பிறகு கோப்ளின்கள் சிதறி நடக்கும், இருட்டில் வரும், விஸர்ட் நிற்கும் கூரையை நோக்கி அம்பு எய்யும். மூன்றாம் பெருஞ்சுற்றுக்குப் பிறகு எதிரி பின்வாங்கி, கதைக்குள் ஒரு மணி நேரம் அமைதி நிலவட்டும். அது விதிப்படி ஷார்ட் ரெஸ்ட் எனப்படும் குறு ஓய்வுக்குச் சரியாகப் போதும். ஃபைட்டர், வார்லாக் வகைப் பாத்திரங்களுக்குச் சக்தி திரும்பும், விஸர்டுக்கும் மந்திர இடங்களில் (மந்திரம் வீச மிச்சமுள்ள வாய்ப்புகளில்) ஒரு பகுதி மீளும். ஆனால் ஓய்வெடுப்பவர் அந்த ஒரு மணி நேரத்தில் வேலியைச் சரிசெய்யவோ துரோகியைத் தேடவோ முடியாது.

கடைசிக் கோப்ளின் சாகும்வரை ஆட வேண்டாம். கொள்ளைக்கு வந்த கூட்டம், பாதி செத்த பிறகும் நிற்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். நூலில் உள்ள மனவுறுதி விதியைப் பயன்படுத்துங்கள்: படை பாதியாகக் குறைந்ததும் தலைவன் விஸ்டம் (அறிவுத்திறன்) சேவில் 10 அல்லது அதற்கு மேல் எடுக்க வேண்டும், தவறினால் ஓட்டம். தலைவன் கொல்லப்பட்டால் சேவ் கேட்காமலே இரண்டு முனைகளைக் காலியாக்கிவிடுவேன். தலைவனைத் தேடிப் போகும் துணிச்சலுக்கு அந்த அளவுக்காவது பலன் வேண்டும். எதிர்ப்பக்கம், மூன்றில் இரண்டு முனைகள் உடைந்தால் கிராமம் விழுந்தது. அப்போது சண்டையை நிறுத்திவிட்டு, மக்களைச் சதுப்பு வழியாக வெளியேற்றும் காட்சிக்கு மாறுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஏற்பாடுகளுக்கு 40 நிமிடம், ஐந்து பெருஞ்சுற்றுகளுக்குத் தலா 30 நிமிடம், நடுவே தேநீருக்கு 20 நிமிடம், போருக்குப் பிந்தைய காட்சிகளுக்கு 30 நிமிடம் என்று ஒதுக்கினால் நான்கு மணி நேரம் சரியாகப் போகும். பின்தங்கினால் நான்காம் பெருஞ்சுற்றை வெட்டிவிடுங்கள், கடைசி அரை மணியைத் தொடாதீர்கள். ஊரில் யார் பிழைத்தார்கள், நெல் எவ்வளவு மிஞ்சியது, வாசலைத் திறந்தவரை என்ன செய்வது என்பதையெல்லாம் ரிசர்விஸ்ட் செல்லும் நண்பரும் உடனிருந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.