அத்தான் தந்த சுருட்டுப் பெட்டி

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அத்தான், டொமினிக்கன் குடியரசில் சுற்றிய விலையுயர்ந்த சுருட்டுப் பெட்டியொன்றைத் தந்தார். "மீடியம் பாடி (நடுத்தரக் காரம்); கோப்பியும் கொக்கோவும் மணக்கும்" என்கிறார். யாழ்ப்பாணச் சுருட்டில் இல்லாத எது இதில் இருக்கிறது? காரம் மட்டாக இருப்பதால் கெடுதியும் குறைவுதானே? 19 வயதுத் தம்பியும் ஒன்று கேட்கிறான். - வாசகர், வெள்ளவத்தை

பதில்: அத்தான் சொன்ன மணம் பொய்யில்லை. உயர்தரச் சுருட்டில் கோப்பியையோ கொக்கோவையோ கலப்பதில்லை. எல்லாம் இலையிலிருந்தே வருகிறது. உலர்த்திய இலையைக் குவியலாக அடுக்கி, உள்ளே சூடேறவிட்டு, பிரித்துத் திருப்பித் திருப்பி மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். அமோனியா நெடி கழன்று, முரட்டுக் கசப்பு அடங்கும். பிறகுதான் கலவை. செடியின் உச்சியில் வெயிலை நேரே வாங்கித் தடித்த லிகெரோ இலையில் காரம் அதிகம். நடுவிலுள்ள செக்கோ மணத்துக்கு. அடியிலுள்ள வொலாடோ சீராக எரிவதற்கு. உச்சி இலையை அடக்கி வைத்தால் புகை தொண்டையை அறையாது, மணங்களை நாக்கு ஒவ்வொன்றாகப் பிரித்தறியும். மீடியத்தை விரும்புகிறவர்கள் தேடுவது இதைத்தான்.

அதற்காக யாழ்ப்பாணச் சுருட்டைத் தாழ்த்த நான் சம்மதிக்கமாட்டேன். தென்னம் பொச்சுப் புகையில் பதப்படுத்திய நமது இலையின் குணமே காரம்தான். அதை விரும்பியவர்கள் காரத்துக்காகவே விரும்பினார்கள்.

கெடுதி குறைவா என்றால், இல்லை. மணத்தைத் தரும் அதே புளிக்கவைப்பில்தான் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களும் பெருகுகின்றன. எரியும்போது வரும் தாரும் கார்பன் மொனொக்சைட்டும் காரம் பார்த்து வருவதில்லை. பெரிய சுருட்டொன்றில் ஒரு பெட்டி சிகரெட்டுக்குரிய புகையிலை இருக்கலாம். "நான் புகையை உள்ளே இழுப்பதில்லை" என்ற சமாதானமும் செல்லாது: சுருட்டுப் புகை அமிலத்துக்கு எதிரான தன்மை (alkaline) உடையது என்பதால் நிக்கோட்டின் வாயின் உட்தோலாலேயே இரத்தத்தில் ஏறிவிடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள் சுருட்டுக்காரரையும் பிடிக்கின்றன. நாக்குக்கு மென்மையாக இருப்பதை உடம்புக்கும் மென்மை என்று எண்ணுவதுதான் மீடியத்தில் உள்ள பெரிய ஆபத்து. காரமான சுருட்டைப் பாதியில் வைத்துவிடுகிறவர், இதை முழுதாக முடித்து அடுத்ததையும் எடுப்பார்.

தம்பிக்குக் கட்டாயம் வேண்டாம். புகையிலை, மதுசாரம் பற்றிய இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கடைக்காரருக்கே அனுமதியில்லை. கூடப்பிறந்த நீங்கள் எப்படி அதை அவன் கையில் கொடுப்பீர்கள்?