அக்காவிடம் கேளுங்கள்: தீம் பார்க் ஹோட்டலில் ரூம் போடலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது என்று காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, வருகிற கேள்விகளே சொல்லிவிடும். இந்த முறை பாதிப் பேருக்கு ஒரே கவலை. தீம் பார்க் போவது முடிவாகிவிட்டது, அங்கேயே ரூம் போடுவதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் சண்டை.

அக்கா, மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு கோலாலம்பூர் பக்கத்து சன்வே லகூன் நீர்ப்பூங்காவுக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே இருக்கும் ரிசார்ட் ஹோட்டலில் ஓர் இரவு தங்கலாம் என்கிறார் கணவர். ரூம் 700 வெள்ளி (ரிங்கிட்), பிளஸ் பிளஸ். மாமியாரும் 4 வயது மகனும் கூட வருவார்கள். நாத்தனாரோ, "செந்தூலிலிருந்து சன்வேக்குப் போய் யாராவது தங்குவாங்களா, காசு கொழுத்துப் போச்சா" என்கிறார். யார் சொல்வது சரி?
– செந்தூல் வாசகி

நாத்தனார் சொன்ன விதம் சரியில்லை, சொன்ன விஷயம் முக்கால்வாசி சரி.

முதலில் அந்தப் பிளஸ் பிளஸ்ஸைப் பார்த்துவிடுவோம். ஒரு பிளஸ் ஹோட்டலின் சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 10 விழுக்காடு. இன்னொன்று அரசாங்கத்தின் சேவை வரி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. ஆக 700 என்று போட்டிருப்பது பில்லில் 820, 830 என்று வந்து நிற்கும். அப்புறம் காலைச் சாப்பாடு. ரூமோடு சேர்த்துக் கொடுப்பது பல இடங்களில் பெரியவர்கள் இரண்டு பேருக்குத்தான், மாமியார் மூன்றாவது ஆள், அவருக்குத் தனிக் காசு, மெத்தை வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு. பூங்கா டிக்கெட் இதில் சேராது, பேக்கேஜ் என்று எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு டிக்கெட் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நம் அடையாள அட்டையான மைகாட்டைக் காட்டினால் மலேசியர் விலை உண்டு, பிள்ளைகளின் அட்டையான மைகிட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

இந்தக் காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று கேட்டால், நேரம் கிடைக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். ரிசார்ட்டுகளில் செக்-இன் பெரும்பாலும் மதியம் 3 மணி, மறுநாள் செக்-அவுட் 11 அல்லது 12. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, உச்சி வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரூமுக்கு வந்து தூங்க வைத்து மறுபடி பூங்காவுக்குப் போவதென்றால் இரண்டு இரவு எடுத்தவர்களுக்குத்தான் அது முழுதாக வாய்க்கும். ஓர் இரவு எடுத்தவர்கள் முதல் நாள் 12 மணிக்கு லாபியில் பைகளோடு உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாம் நாள் 12 மணிக்கு அதே லாபியில் ஈரத்துணிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். நம் ஆட்களில் பலர் முதல் நாள் மெதுவாகக் கிளம்பி, செக்-இன் செய்து, பூங்காவை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்கிறார்கள். வரிசையே தப்பு. பூங்காத் தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது ரூம் கையில் இருக்காது, பொது டாய்லெட்டில் நான்கு வயதுப் பையனுக்கு உடை மாற்ற வேண்டியதுதான்.

எனவே தங்குவதென்றே முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் காலை 9:30க்கே போய் பைகளை பெல் கவுண்டரில் கொடுத்துவிட்டு, 10 மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் பெரிய சறுக்குகளை முடித்துவிடலாம். 3 மணி வாக்கில் சின்னவனோடு நீங்கள் ரூமுக்கு வந்துவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மழையும் கொட்டுவது பெரும்பாலும் அந்த நேரத்துக்குத்தான், மின்னல் வந்தால் தண்ணீரிலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள், அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கூரைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு நிற்காமல் படுக்கையில் கழித்தால் கொடுத்த காசில் கொஞ்சம் திரும்பி வந்தது என்று அர்த்தம். மழை விட்டதும் அப்பாவும் மகளும் மறுபடி போகட்டும். வெளியே வரும்போதே வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், மறுபடி உள்ளே விட கையில் முத்திரையா, பட்டையா என்று.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகக் கவலை. சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடை கட்டாயம். அவர் டிக்கெட் எடுத்து உள்ளே வந்து எட்டு மணி நேரம் பைகளுக்குக் காவல் இருப்பாரா? சன்வே லகூன் பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் கட்டியது, மேலே நின்று பார்த்தால் அழகு, கீழே இறங்கியவர் ஏறி வர வேண்டுமே, முட்டி வலி இருப்பவருக்கு அது விளையாட்டில்லை. பக்கத்திலேயே பிரமிட் பேரங்காடி இருக்கிறது, பனிச்சறுக்குத் திடலில் பிள்ளைகள் விழுந்து எழுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு ஒரு தே தாரிக்கோடு காலையை ஓட்டிவிடலாம். 3 மணிக்கு ரூம். அவருக்கு டிக்கெட்டே எடுக்காதீர்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

சின்னவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளவு நாடாவில் அளந்து பாருங்கள். ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருப்பான். பெரிய ரைடுகளில் பாதிக்கு மேல் உயரக் கட்டுப்பாட்டில் அடிபட்டுப் போகும், அவனுக்கு மிஞ்சுவது முட்டிவரை தண்ணீரும் வாளி கவிழ்கிற விளையாட்டும்தான். அதே சந்தோஷத்தை ஹோட்டலின் நீச்சல்குளமே கொடுத்துவிடும்.

இப்போது என் முடிவு. இரண்டில் ஒன்று எடுங்கள். ஹோட்டல் என்றால் ஹோட்டல் மட்டும்: 3 மணிக்குப் போய், குளத்தில் ஊறி, கேக் வெட்டி, மறுநாள் காலைச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வீடு. பூங்கா என்றால் பூங்கா மட்டும்: வாரநாளில் 10 மணிக்கு உள்ளே, 4 மணிக்கு வெளியே, ஃபெடரல் நெடுஞ்சாலை அடைத்துக்கொள்வதற்கு முன்னால் வீடு. இரண்டையும் ஒரே நாளில் வாங்கினால் பூங்காவில் இருக்கிற நேரமெல்லாம் ரூம் சும்மா பூட்டிக் கிடக்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 830. காரில்லாமல் போவதென்றாலும் வழி இருக்கிறது, கேடிஎம் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, கிள்ளான் பாதையில் மாறி செத்தியா ஜெயாவில் இறங்கினால் 2015இல் தொடங்கிய, தனிப் பாதையில் ஓடும் பிஆர்டி பஸ் சன்வே லகூன் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நாத்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

லெகோலேண்ட் போகலாம் என்று இருக்கிறோம். பையன்களுக்கு 6, 9 வயது. பூங்காவை ஒட்டிய லெகோலேண்ட் ஹோட்டல் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஜேபி (ஜொகூர் பாரு) டவுனில் பாதிக்கும் குறைந்த விலைக்கு ரூம் கிடைக்கிறதே?
– பிறை வாசகர்

உங்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன், போய்த் தங்குங்கள்.

செந்தூல்காரர் அரை மணி, முக்கால் மணியில் வீடு திரும்பலாம். நீங்கள் பிறையிலிருந்து ஏறக்குறைய எழுநூறு கிலோமீட்டர் போகிறீர்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு ஜேபி டவுனில் தங்கி, காலையில் நெரிசலில் பூங்கா இருக்கும் இஸ்கந்தார் புத்திரிக்கு ஓட்டி, பார்க்கிங் தேடி, சாயங்காலம் தூங்கி வழிகிற இரண்டு பையன்களோடு அதே வழியில் திரும்பி வருவதில் மிச்சப்படுத்தியது என்ன? அந்த ஹோட்டல் பூங்கா வாசலிலேயே இருக்கிறது. பூங்கா 2012 செப்டம்பரில் திறந்தது, ஆசியாவின் முதல் லெகோலேண்ட், அடுத்த ஆண்டே ஹோட்டலும் வந்துவிட்டது. ரூமில் பிள்ளைகளுக்குத் தனியாக அடுக்குக் கட்டில், ஒரு சின்னப் பெட்டகம், விடுகதைகளுக்கு விடை கண்டுபிடித்து எண்ணைப் போட்டால் திறக்கும், உள்ளே லெகோ பரிசு. ஆறு வயதுக்காரன் இதற்காகவே செக்-இன் ஆனதும் உங்களைச் சூட்கேஸ் திறக்க விடமாட்டான். ஒன்பது வயதுக்காரன் கொஞ்சம் அலட்டிக்கொள்வான், ஆனால் அவனும் எண்ணைக் கண்டுபிடிப்பதில்தான் இருப்பான். இன்னும் இரண்டு மூன்று வருடம் போனால் அவனைக் கட்டி இழுத்தாலும் வரமாட்டான், ஆகவே போவதென்றால் இப்போதே.

ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போய் அன்றே பூங்காவில் இறங்காதீர்கள். கேஎல்லிலோ சிரம்பானிலோ சொந்தக்காரர் இல்லாத பிறைக்காரரை நான் பார்த்ததில்லை, அங்கே ஓர் இரவு. மறுநாள் காலை கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம், இரண்டு நாள் டிக்கெட்டாக எடுத்துக்கொண்டால் அரைநாளும் வீணாகாது. பினாங்கிலிருந்து ஜொகூரின் செனாய்க்கு விமானமும் இருக்கிறது, நான்கு பேருக்கு டோல், பெட்ரோல், வழிச்சாப்பாடு எல்லாம் கூட்டி ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதி முக்கியம். ஜொகூரில் முன்பு வெள்ளி, சனி விடுமுறை, 2025 ஜனவரியிலிருந்து நம்மைப் போலவே சனி, ஞாயிறு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே காலியாக இருக்கும் என்ற பழைய கணக்கு இனி உதவாது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை, அதாவது ஜூனும் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பரும், விலையை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிடும். சிங்கப்பூர் மச்சான் சேர்ந்து வருகிறார் என்றால் ரூமை உங்கள் பெயரில் போடுங்கள். வெளிநாட்டவருக்கு ஒரு ரூமுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, மலேசியருக்குக் கிடையாது.

பினாங்கு எஸ்கேப் பூங்காவுக்குப் போக பத்து ஃபிரிங்கியில் ரூம் போடலாமா?
– ஜெலுத்தோங் வாசகி

வேண்டாம்மா. பூங்கா இருக்கும் தெலுக் பஹாங் உங்களுக்கு எட்டாத தூரமா? 101 பஸ்ஸே போகிறது. சனி, ஞாயிறு பத்து ஃபிரிங்கி ரோட்டில் நத்தை வேகம்தான், அதனால் எட்டரைக்கே கிளம்புங்கள், சாதாரண வாரங்களில் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரூம் காசுக்குப் பிள்ளைகளை இன்னொரு தடவையே கூட்டிப் போகலாம், அந்த 1,111 மீட்டர் சறுக்கில் ஒரு தடவை போய்வந்தவர்கள் எப்படியும் இன்னொரு தடவை கேட்பார்கள்.

கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் பார்க்க நானும் மனைவியும் ஒரு நாளில் போய்த் திரும்பலாமா, தங்க வேண்டுமா? கல்யாணமாகி முதல் தீபாவளி, மறுநாள் போகிறோம்.
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

வாழ்த்துகள். தங்குங்கள், ஆனால் காரணம் ரூம் இல்லை, மேகம். ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் திறந்தவெளிப் பூங்கா அது, 2022இல் திறந்தது. மூடுபனியும் மழையும் எப்போது வரும் என்று மலைக்கே தெரியாது, வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஒரே நாள் போனவர் அன்று மழை பிடித்துக்கொண்டால் நூடல்ஸ் சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான். தங்குகிறவர் வானிலையைப் பார்த்துக்கொண்டு முதல் நாள் மதியமோ மறுநாள் காலையோ எது தெளிவாக இருக்கிறதோ அதில் டிக்கெட் எடுக்கலாம், முன்கூட்டியே வாங்கிவிட்டால் தேதி மாற்ற முடியுமா என்று மட்டும் படித்துப் பாருங்கள்.

அங்கே இருக்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஹோட்டலில் 7,351 அறைகள், கின்னஸ் சாதனை. அவ்வளவு பேரும் மூன்று மணிக்கு அதே லாபிக்குத்தான் வருவார்கள், அதுவும் தீபாவளிக்கு மறுநாள் பாதிக் கூட்டம் நம்மாட்கள், நீங்கள் தவிர்க்க நினைக்கிற பெரியம்மா உட்பட. செக்-இன் இயந்திரங்கள் வைத்திருக்கிறார்கள், கவுண்டர் வரிசையில் நிற்க வேண்டாம். அறை சின்னது, தூங்கக் குளிக்கப் போதும். காரை ஆவானா நிலையத்தில் போட்டுவிட்டு அங்கிருந்து கேபிள் காரில் ஏறுங்கள், வழியில் சின் சுவீ கோயில் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம். மெல்லிய புடவைக்கு மேலே ஒரு ஸ்வெட்டர் போட மனைவி மறுத்தால் நீங்கள் இரண்டு எடுத்துப் போங்கள்.

முன்பதிவுச் செயலியில் மலிவாக இருக்கிறதா, ஹோட்டலிலேயே நேராகப் போடுவதா?
– கெப்போங் வாசகர்

செயலியில் விலையைப் பாருங்கள், பிறகு ஹோட்டலுக்கு ஃபோன் போட்டு அதே விலைக்கு என்ன சேர்த்துத் தருவீர்கள் என்று கேளுங்கள். பூங்கா டிக்கெட், தாமத செக்-அவுட், மூன்றாவது ஆளுக்குக் காலைச் சாப்பாடு, இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலும் நேராகப் போடுவதே லாபம். ரத்து செய்தால் காசு திரும்பாது என்று இருந்தால், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். முதல் நாள் இரவுதான் காய்ச்சல் வரும்.