அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் நினைவுச்சின்னங்கள், நுணுக்கங்கள் என்னென்ன?

முதலில் உள்ளே போகிற வழி. அது இன்றும் இயங்கும் ராணுவத் தளம். வெளியிலுள்ள பார்வையாளர் மையத்தில் அடையாளச் சரிபார்ப்பு முடியாமல் வாசலைத் தாண்ட முடியாது. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பேருந்துச் சுற்றுலாவில் போனால், கல்லறைத் தோட்டத்தில் இறக்கிவிடுவார்களா என்று சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நேரம் குறைந்த சுற்றில் முதலில் விடுபடுவது அதுதான். ஆனால் பாதிச் சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

டிராஃபி பாயின்ட் என்ற ஆற்றோர மேட்டில் எல்லோரும் ஹட்சன் ஆற்றைப் பார்த்தபடி படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே கிடக்கும் சங்கிலியைப் பாருங்கள். அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஆற்றில் மேலே ஏறிவராமல் தடுக்க 1778 ஏப்ரலில் மரத் தெப்பங்கள்மேல் ஆற்றின் குறுக்கே இழுத்துக் கட்டியது. இங்கே இருப்பவை 13 கண்ணிகள். ஒவ்வொன்றும் சுமார் இரண்டடி நீளம், ஏறக்குறைய ஒரு சிமென்ட் மூட்டை எடை. கொல்லர்கள் கையால் அடித்தவை என்பதால் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்காது. நடுவில் ஒரு சுழலி இருப்பதைத் தேடிப் பாருங்கள்: நீரோட்டத்தில் சங்கிலி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வைத்தது. குளிர்காலத்தில் பனிக்கட்டி அறுத்துவிடும் என்று முழுச் சங்கிலியையும் கரைக்கு இழுத்துவிடுவார்கள். பிற்காலத்தில் பழைய இரும்பு வியாபாரிகள் போலிக் கண்ணிகளை ‘அசல்’ என்று விற்றுக் காசு பார்த்தது தனிக் கதை.

பக்கத்தில் வானுயர நிற்பது போர் நினைவுத் தூண்; 1897இல் திறக்கப்பட்டது. உச்சியிலுள்ள சிலையைவிட அடியிலுள்ள கல் உருண்டைகள் முக்கியம். அவற்றைச் சுற்றிய வெண்கலப் பட்டைகளில்தான் சிப்பாய்களின் பெயர்கள். தூணில் மொத்தம் 2,230 பேர். எல்லோரும் 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட தரப்பில் இறந்த நிரந்தரப் படையினர். அந்தப் போரில் மடிந்த லட்சக்கணக்கான தன்னார்வப் படையினருக்கு இங்கே இடமில்லை.

மைதான ஓரத்தில் ஜெனரல் செட்ஜ்விக் சிலை. பூட்ஸில் உள்ள, குதிரையை முடுக்கும் குதிமுள்ளைப் பாருங்கள், அதன் சக்கரம் உண்மையிலேயே சுழலும். பாடத்தில் தேறுவது சந்தேகம் என்றிருக்கும் மாணவர், தேர்வுக்கு முந்தைய நள்ளிரவில் முழுச் சீருடையில் வந்து அதைச் சுழற்றினால் பாஸாகிவிடலாம் என்பது நம்பிக்கை. நம்மூரில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதுபோல.

கல்லறைத் தோட்டத்து வாசலருகே 1836ஆம் ஆண்டின் பழைய சிற்றாலயம். முன்பு வளாகத்தின் நடுவில் இருந்ததை 1910 வாக்கில் கல் கல்லாகப் பிரித்து இங்கே மறுபடி கட்டினார்கள். சுவர் நெடுகப் புரட்சிப் போர்த் தளபதிகளுக்குக் கறுப்புப் பளிங்குப் பலகைகள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால் ஒன்றில் பதவியும் பிறந்த ஆண்டும் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அது பெனடிக்ட் ஆர்னால்ட். 1780இல், அப்போது கோட்டையாக இருந்த வெஸ்ட் பாயின்டின் பொறுப்பில் இருந்துகொண்டே அதை பிரிட்டிஷாருக்கு விற்கப் பேரம் பேசியவர். அவசரமாக நடந்தால் இந்தப் பலகை கண்ணில் படாது.

வெளியே, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகளின் காவலுடன் ஒரு பிரமிடு: பொறியாளர் எக்பர்ட் வீலியின் கல்லறை. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று பயந்து உள்ளே ஒரு அழைப்புமணி வைக்கச் சொன்னாராம். அடுத்து, பூர்வகுடிகளுடன் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் மடிந்த குதிரைப்படை அதிகாரி கஸ்டரின் கல்லறை. அவருடைய சிலை முன்பு வளாகத்தில் வேறிடத்தில் நின்றது. மனைவிக்குப் பிடிக்கவே இல்லை, 1884இல் அகற்றவைத்தார். அந்தச் சிலையின் பீடம் கல்லறைக்கு வந்தது; இப்போதுள்ள கூம்புத் தூண் அதன்மேல் பிற்பாடு ஏற்றியது. பீடமும் தூணும் சேரும் இடத்தைக் கவனியுங்கள்.

அருங்காட்சியகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அது வாசலுக்கு வெளியே இருக்கிறது, கட்டணம் கிடையாது. மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.